யார் கை பட்டால் சம்மதம்

வோட்டுத் தாளில் முப்பத்தாறு பெண்கள் எனக்குப் புள்ளடி போட்டிருந்தார்கள். இருபது பேர் மட்டும் புள்ளடி போட்ட ஒருத்தி உள்ளே போனாள், நான் வெளியே வந்தேன். மாதங்கள் போய்விட்டன. ஆனாலும் காலையில் கோழிக்குத் தீன் போடும்போது அந்த எண்ணிக்கை நினைவில் வந்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது.

எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவில் ஒரு பெண் மௌத்தானால் உடலைச் சுற்றக் கபன் துணி வாங்கக் கல்முனைக் கடைத்தெருவுக்கு ஆள் போவதற்கு முன்னமே என் வீட்டுப் படலையில் ஆள் நிற்கும். உயிர் போன பெண்ணின் உடலை, பெண் மையித்தை, பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். அதற்கென்று ஐந்து பேர். எங்கள் ஐந்து பேரின் பெயரும் போன் நம்பரும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டியிருக்கும். சேலையால் மறைப்புக் கட்டிய பிறகு அந்த ஐந்து பேரையும், பெற்ற மகள்மாரையும் தவிர வேறு யாரும் உள்ளே வர முடியாது. உள்ளே கண்டது வெளியே வரக்கூடாது என்பதும் சட்டம்தான். எழுதி ஒட்டாத சட்டம்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை செய்தேன். கடல் வந்து அடித்த வருஷம் நாங்கள் எத்தனை பேரைக் குளிப்பாட்டினோம் என்று எங்களுக்கே தெரியாது. தண்ணீர் சூடு பார்ப்பதும், மையித்தை மெதுவாகச் சரித்துப் பிடிப்பதும், நகத்தின் அழுக்கை நோகாமல் எடுப்பதும் என் கைக்குத் தெரிந்த அளவு வேறு கைக்குத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இந்த ஒரு வேலையில் எனக்கு மேலே ஒருவர் இல்லை என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன்.

எங்கள் மஹல்லா மெயின் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கிடக்கிறது. மேற்கே வயல் பக்கம், நாங்கள். நெல்லும் கடையுமாகப் பிழைக்கிற குடும்பங்கள். கிழக்கே கடற்கரைப் பக்கம், தோணியும் வலையுமாகப் பிழைக்கிறவர்கள். ஐந்து பேரும் எப்போதும் வயல் பக்கத்துப் பெண்கள்தான். அப்படித்தான் இருந்தது. ஏன் என்று நானும் கேட்டதில்லை, கேட்ட ஆளையும் கண்டதில்லை.

போன நோன்புக்கு முந்தி எங்கள் ஐவரில் ஒருவர் மௌத்தானார். அவரையும் நான்தான் குளிப்பாட்டினேன். காலியான இடத்துக்கு என் மச்சியின் மகளைப் போடலாம் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. மச்சி என்றால் என் கணவரின் தங்கை, ஐவரில் அவளும் ஒருத்தி. அதற்குள் கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் தங்கள் ஆண்களைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி, எங்கட பக்கமும் ஆள் வேணும் என்று கேட்டுவிட்டார்கள். நிர்வாகம் இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு அலுத்து, பெண்களே கூடி ஐந்து பேரையும் புதிதாகத் தெரிவு செய்து தாருங்கள் என்று கைகழுவி விட்டது.

அந்தப் பொறுப்பைக் கணக்குப் படிப்பிக்கிற ஒரு டீச்சர் எடுத்தார். வயல் பக்கத்துப் பிள்ளைதான், வாழ்க்கைப்பட்டது கடற்கரைப் பக்கம். அதனால் இரண்டு பக்கமும் நம்பியது. வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸா மண்டபத்தில் அறுபத்திரண்டு பெண்கள் கூடினோம். நாற்பத்தொரு பேர் எங்கள் பக்கம், இருபத்தொரு பேர் அவர்கள் பக்கம். நாங்கள் மின்விசிறிக்குக் கீழே இருந்தோம். அவர்கள் வாசல் பக்கம் இருந்தார்கள்.

ஐந்து இடத்துக்கு ஏழு பேர் நின்றோம். எங்களில் பழைய நால்வரும் மச்சியின் மகளுமாக ஐந்து, அவர்களில் இரண்டு. வாசிக்கத் தெரியாதவர்களுக்காக டீச்சர் தாளில் படம் அடித்திருந்தார். எனக்குச் செம்பு. மச்சிக்குச் சுளகு. கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் இருவருக்கும் குடையும் விளக்கும். குடைக்காரி கருவாடு காயவைத்து விற்கிறவள், பேச்சில் கெட்டிக்காரி. செம்புப் படம் எனக்கே வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தண்ணீர் ஊற்றுகிற கைக்குச் செம்புதானே பொருத்தம்.

தாளைக் கொடுத்துவிட்டு டீச்சர் சொன்னார்.

"யார் யார்ட கை உங்கட உம்மாட மையித்துல பட்டா உங்களுக்குச் சம்மதமோ, அவங்க எல்லாருக்கும் புள்ளடி போடுங்க. ஒருத்திக்குப் போட்டாலும் சரி, ஏழு பேருக்கும் போட்டாலும் சரி. உம்மா மௌத்தாகிட்டா என்டா, உங்கட மையித்த நினைச்சிப் போடுங்க."

இதைக் கேட்டதும் மச்சி சத்தமாகக் கேட்டாள். "அப்ப எனக்கு நானே போட ஏலாதே டீச்சர். என்ட மையித்த நானே எழும்பி நின்டு குளிப்பாட்டவா?"

மண்டபமே சிரித்தது. ஆனால் கேள்வி எல்லோர் மனதிலும் அப்படியே விழுந்துவிட்டது. நின்ற ஏழு பேரில் ஒருத்திகூடத் தனக்குத் தானே போடவில்லை. நானும் போடவில்லை. உலகத்தில் எந்தத் தேர்தலில் இப்படி நடந்திருக்குமோ தெரியாது.

டீச்சர் எண்ணுகிற விதத்தையும் முதலிலேயே சொன்னார், அதை நான் மறைக்க மாட்டேன். பெரிய பக்கம் ஐந்தையும் அள்ளிக்கொண்டு போவது இல்லை, எல்லாப் பெண்ணுக்கும் அந்த ஐவரில் ஒருத்தியாவது தான் சம்மதப்பட்ட ஆளாக இருக்க வேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி எண்ணப் போகிறேன், சம்மதமா என்று கேட்டார். ஓம் ஓம் என்றோம். நான் அப்போது வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். யார் எப்படி எண்ணினாலும் செம்பு செம்புதான் என்று இருந்தேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஐந்து படத்துக்கும் போட்டார்கள். ஒரு மாமிக்குப் போட்டு மற்ற மாமிக்குப் போடாவிட்டால் மனம் நோகும், நாளைக்குக் கலியாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும். எங்கள் வழக்கம் அது. அங்கொன்று இங்கொன்றுதான் விடுபட்டது. நான் எங்கள் பக்கத்து மற்ற நால்வருக்கும் போட்டேன். குடைக்கும் விளக்குக்கும் போட நினைக்கவே இல்லை. அவர்களுக்கு மையித்தைச் சரிக்கத் தெரியுமா என்றுதான் மனம் கேட்டது.

டீச்சர் முதலில் புள்ளடிகளை மட்டும் எண்ணிக் கரும்பலகையில் எழுதினார். சுளகு நாற்பது. அடுத்த இருவருக்கும் முப்பத்தெட்டும் முப்பத்தேழும். செம்பு முப்பத்தாறு. எங்களில் ஐந்தாமவருக்கு முப்பத்தைந்து. குடையும் விளக்கும் ஆளுக்கு இருபது. நான் நாலாவது. மச்சி முதலாவது வந்ததில் எனக்குச் சின்னக் குத்தல்தான், ஆனாலும் இடம் நிச்சயம் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பப் போனேன்.

"இருங்க மாமி, இனித்தான் எண்ணப் போறன்" என்றார் டீச்சர்.

தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்து மேசையில் வைத்தார். முதல் இடம் சுளகுக்கு. அதில் வழக்கில்லை. அதன் பிறகு, சுளகுக்குப் போட்ட நாற்பது தாளும் இனி முழுத் தாள் இல்லை, அரைத் தாள் என்றார். ஏன் என்று எங்கள் பக்கத்தில் ஒரு சத்தம். அவர்கள் கேட்ட ஆள் ஒருத்தி உள்ளே போய்விட்டாள், கேட்ட ஆள் ஒருத்திகூடக் கிடைக்காத தாள்கள் இன்னும் முழுசாகக் கிடக்கின்றன என்றார். எங்களுக்கு விளங்கவில்லை என்று கண்டுவிட்டுச் சொன்னார்.

"ஒரு சஹன்ல ஆறு பேர் இருந்து சாப்பிடுறம். இறைச்சித் துண்டு ஒன்டு எடுத்தவ, மத்தவங்களும் எடுக்கும் மட்டும் கையப் பொறுக்கிறதில்லையா? அந்த மாதிரித்தான்."

இது எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் இடத்துக்கு எங்களில் முப்பத்தெட்டு எடுத்தவரின் தாள்கள், தனக்குத் தானே போடாத மச்சியின் தாள் மட்டும் முழுசாகவும் மற்றவை அரை அரையாகவும் பத்தொன்பதரைக்கு வந்தன. குடையின் இருபது தாளும் முழுசு. அரைப் புள்ளியில் குடை உள்ளே போனது.  வாசல் பக்கத்தில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் இடம் எங்களுக்கு, பத்தொன்பதரையோடு. இரண்டு ஆள் கிடைத்துவிட்டதால் எங்கள் தாள்கள் மூன்றில் ஒன்று ஆகின. நாலாம் இடமும் எங்களுக்கு, முப்பத்தேழு எடுத்தவருக்கு. உள்ளே போன மூவரின் சொந்தத் தாள்கள் மட்டும் மூன்றில் ஒன்றாக நிற்க, எங்கள் தாள்கள் காலாகின. ஐந்தாம் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் மேலே நின்றவள் நான். டீச்சர் கூட்டினார். ஒன்பதே கால். பிறகு விளக்கின் தாள்களைக் கூட்டினார். குடை கிடைத்ததால், குடைக்காரியின் சொந்தத் தாளைத் தவிர, அவையும் அரையாகியிருந்தன, ஆனாலும் பத்தரை.

கரும்பலகையில் செம்புக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விளக்குக்கு நேரே சரி போட்டார்.

  மண்டபத்தில் பாதிக்கு மேல் என் கையைக் கேட்டிருக்கிறது, என்னை வெளியே வைத்துவிட்டார்கள். எனக்கு நானே ஒரு புள்ளடி போட்டிருந்தால் என்று கேட்டேன்.  டீச்சர் பொறுமையாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்போதும் ஒன்பதரைதான் மாமி என்றார்.

எங்கள் பக்கம் எழும்பி நின்றுவிட்டது. இந்தக் கால் அரைக் கணக்கெல்லாம் வேண்டாம், புள்ளடியை எண்ணுவோம், பழைய மாதிரி எண்ணுவோம் என்று மச்சி கத்தினாள். நாற்பத்தொரு பேர் கத்தினால் இருபத்தொரு பேர் என்ன செய்ய முடியும். 

ஆனால் என் கண் மேசையிலிருந்த சின்னக் கட்டில் நின்றது. எழும்பிப் போய் அதை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இருபத்தொரு தாள். குடை, விளக்கு. குடை, விளக்கு. நின்ற இருவரும் ஒருத்திக்கு ஒருத்தி. எங்கள் பக்கத்து மற்ற நால்வருக்கும் விழாத மாதிரிச் செம்புக்கும் விழவில்லை. மற்ற நால்வருக்கு விழாதது எனக்கு விளங்கும். மச்சியின் மகள் புதியவள், மற்ற மூவரும் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தவர்கள், துணி பிடித்தவர்கள். அந்த இருபத்தொரு பேரில் பாதிப் பேரின் உம்மாவை என் இரண்டு கையாலும் குளிப்பாட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள். ஒருத்திக்காவது என் கை சம்மதமில்லையா?

தாள்களைப் பிடித்தபடியே வாசல் பக்கம் திரும்பினேன்.

"என்ட கையில என்ன குத்தத்தக் கண்டீங்க? வாயத் திறந்து சொல்லுங்க பாப்பம்."

 குடைக்காரிதான் நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கையில குத்தம் இல்ல மாமி. உங்கட கைய மாதிரிக் கை இந்த ஊர்ல இல்ல. குத்தம் வாயிலதான்."

 அவள் மற்றதையும் சொன்னாள். சில வருஷங்களுக்கு முந்தி அவர்கள் பக்கத்தில் இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்த ஒரு தாய் மௌத்தானார். நான் போய்க் குளிப்பாட்டினேன். அடுத்த மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு கலியாண வீட்டில், பெண்கள் வட்டமாக இருந்து வெங்காயம் உரிக்கும்போது, நான் சொன்னேனாம்: பாவம், முதுகெல்லாம் புண், தோல் கையோடு வரும் என்ற பயத்தில் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன், வேறு ஆளாயிருந்தால் முடியாது என்று. அந்தச் சொல் ரோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. உம்மாவைப் பார்த்துப் பராமரித்த மகள், உம்மாவைப் புழுக்க விட்ட மகளாகிவிட்டாள். கட்டாரில் இருக்கிற அவளுடைய நானா, உடன்பிறந்த அண்ணன், அதைக் கேள்விப்பட்டவர், லீவில் வந்தால் மனைவி வீட்டோடு திரும்பிப் போகிறார். தங்கச்சி வீட்டு வாசலை மிதித்ததில்லை. அன்றைக்கு வரைக்கும்.

"அதுக்குப் பொறகு எங்கட பக்கத்துல உம்மாமார் மௌத்தாகக்க எல்லாம் உங்களத்தான் கூப்பிட்டம்" என்றாள் குடைக்காரி. "வேற ஆள் இல்லயே மாமி. மறைப்புக்குள்ள நீங்க என்னத்தப் பாக்கிறீங்க என்டு பயந்து பயந்துதான் நின்டம்."

எனக்கு அந்தப் பேச்சு நினைவே இல்லை. நினைவில்லை என்பதுதான் என்னை அடித்துப் போட்டது. பொய் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் வெங்காயம் உரித்த கை நினைவு வந்தது, கண்ணெரிச்சல் நினைவு வந்தது, சுற்றி இருந்தவர்கள் ச்சு கொட்டி என்னைப் பார்த்த பார்வை நினைவு வந்தது. அந்தப் பார்வை எனக்கு அன்றைக்கு இனித்தது.

"விடுங்க, பழைய மாதிரி எண்ணச் சொல்லுங்க. நீங்க சொன்னா டீச்சர் கேப்பா" என்றாள் மச்சி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்றால் முடிந்தது. எனக்கு நல்ல மனம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வாயில்தான் குற்றம் என்று சபையில் சொல்லிவிட்டார்கள், அந்த வாயைத் திறந்து எனக்கு இடம் கேட்க நாக்கு எழவில்லை. தாள்களை டீச்சரிடம் கொடுத்தேன்.

"எண்ணினது எண்ணினதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு ரோட்டைக் கடந்து அந்த மகளின் வீட்டுக்குப் போனேன். கடல் அடித்த பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. மையித்து இல்லாமல் அந்தப் பக்கம் நான் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும். என்னைக் கண்டதும் இரண்டு வீட்டு வாசலில் பெண்கள் எழும்பி நின்று, யாருக்கு என்ன என்று பதறிக் கேட்டார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி விளங்க வைப்பதற்குள் போதும் என்றாகிவிட்டது.

அவள் தையல் மெசினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். இருங்க மாமி என்று கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி ஊற்றி வந்தாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மாப்புக் கேட்டேன். என் வயதில் ஒரு பிள்ளையிடம் அப்படிக் கேட்டது அதற்கு முதல் இல்லை. அவள் உறையின் விளிம்பை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மாப்பு ஒன்டும் வேணாம் மாமி" என்றாள் கடைசியில். "நீங்க கண்டதுல பாதியத்தானே சொன்னீங்க. மத்தப் பாதியையும் நானாட்டச் சொல்லுங்க."

மற்றப் பாதி என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். முந்தின இரவு முழுக்க அதுதான் கண்ணுக்குள் நின்றது. உள்ளே கண்டதை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் நல்லதைக் கண்டால் சொல்லலாம். நான் சொல்லாமல் விட்டது அந்த நல்லதை.

தன் நானாவுக்கு அவள் போன் எடுத்தாள். வெள்ளி அவருக்கு லீவு. தங்கச்சியின் போனை அவர் எடுக்க மாட்டார் என்று மூன்று தரம் அடித்து விட்டபோது நினைத்தேன். நாலாவது தரம் எடுத்தார். யாரும் மௌத்தா என்றுதான் முதலில் கேட்டார். அவள் போனை என் கையில் வைத்தாள்.

"தம்பி, உங்கட உம்மாவக் குளிப்பாட்டின மாமி நான். புண் இருந்தது உண்மை. ஆனா புண்ணுக்கு மருந்து போட்டிருந்திச்சி. கட்டியிருந்த துணி அண்டைக்குக் காலையில மாத்தின துணி. உடம்புல ஒரு வாடை இல்ல. தலைமுடிக்கு எண்ணெ வெச்சி, சிக்கெடுத்துப் பின்னியிருந்திச்சி. ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்தவங்கட தலைமுடி அப்பிடி இருந்தத்த நான் வேற எங்கயும் கண்டதில்ல."

 கட்டாகிவிட்டது என்று நினைத்துக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமி" என்றார். "இத அண்டைக்கே ஏன் சொல்லல்ல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லியிருந்தா ஊர் உங்கட தங்கச்சிட கையப் புகழ்ந்திருக்கும் தம்பி. என்ட கைய இல்ல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று எனக்குத் தெரிந்தது.  தேத்தண்ணி ஆறிக் கிடந்தது, அதை எடுத்துக் குடிக்கக் கை போகவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நல்லது.

"போனத் தங்கச்சிட்டக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "ஓம் நானா" என்றாள். அதற்கு மேல் நான் அங்கே இருக்கக் கூடாது என்று எழும்பி, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு ரோட்டுக்கு வந்தேன்.